ரப்பர் விதையில் நூல்களை எடைபோட்டவர்

சென்ற வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். இந்த வார இதழின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு ஈப்போ ஸ்டேஷனுக்குப் போகும் லாரி ஒன்று நம் அச்சுக்கூட வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் முனியாண்டி இறங்கித் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, நம்ம அம்மை குத்துற ஐயா தவறிட்டாரு. தோட்டத்து ஆஸ்பத்திரியிலதான். விடியக்காலம்."

"எந்த அம்மை குத்துற ஐயா?" என்று கேட்டேன். ஊரில் எனக்குத் தெரிந்த அம்மை குத்துபவர் ஒருவர்தான். தெரிந்தே கேட்டேன். வேறு யாராவதாக இருக்கட்டும் என்ற நப்பாசை.

"அருளப்பரு ஐயா. மலைக்காய்ச்சல்."

திரு. அருளப்பர் அவர்களை இவ்விதழின் வாசகர்கள் அறிவார்கள். "நூல் வரவு" என்ற பகுதியை எழுதியவர். எந்தப் புத்தகத்தை வாங்கலாம், எதை இரவல் கேட்கலாம், எதைக் கண்டால் வேறு பக்கம் நடக்கலாம் என்று இந்தப் பேராக் சீமையில் பாதித் தமிழருக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவரை நேரில் பார்த்தவர்கள் குறைவு. பலர் அவரை வெண்தாடி வைத்த பெரிய பண்டிதர் என்று எண்ணியிருந்தார்கள். அவர் அரசாங்கத்தில் அம்மை குத்தும் உத்தியோகம் பார்த்தவர். நாற்பத்தாறு வயது. தாடி கிடையாது. சைக்கிளில் வடக்கே சுங்கை சிப்புட்டிலிருந்து தெற்கே தஞ்சோங் மாலிம் வரை தோட்டம் தோட்டமாகச் சுற்றியவர். பெட்டியில் ஒரு பக்கம் ஊசியும் அம்மைப்பால் குப்பிகளும், மறுபக்கம் புத்தகங்களும் இருக்கும்.

அவரை நான் முதலில் கண்டது, பெரிய யுத்தம் முடிந்து ரப்பர் விலை விழுந்து கிடந்த காலத்தில். நம் இதழ் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சென்னையிலிருந்து பதிப்பாளர்கள் கப்பலில் புத்தகம் அனுப்புவார்கள். நான் முகவுரையைப் படித்துவிட்டு, "ஒவ்வொரு தமிழரும் வாங்கிப் படித்துப் பயனடைய வேண்டிய அரிய நூல்" என்று எழுதிவிடுவேன். எழுத்துக் கோப்பவரிடம் அந்த வரி எப்போதும் கோத்தபடியே கட்டிவைக்கப்பட்டிருந்தது. புத்தகத்தின் பேரை மட்டும் மாற்றுவோம்.

ஒருநாள் அவர் உள்ளே வந்து, இதழை விரித்து, அந்த வரியின்மேல் விரல் வைத்தார்.

"இதப் படிச்சீங்களா சார்?"

"எதை? மதிப்புரையையா?"

"புத்தகத்த."

நான் படிக்கவில்லை என்பது என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை. "நான் குப்பிய வெளிச்சத்துல புடிச்சுப் பாக்காம யாரு கையிலயும் குத்தறதில்ல" என்றார். "அரை நாள் கூலிய எண்ணிக் குடுத்து ஒருத்தன் இத வாங்குவான் சார். ஏமாந்தான்னா, அப்புறம் எந்தப் புத்தகத்தையும் தொடமாட்டான்."

அப்படியானால் நீங்களே எழுதுங்களேன் என்றேன், கிண்டலாக. மறுவாரம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த முதல் மதிப்புரை ஒரு சமையல் புத்தகத்தைப் பற்றியது. எனக்குச் சிரிப்பு வந்தது. காவியம், சமயம், தத்துவம் என்று அலமாரி நிறைய இருக்க, சமையல் புத்தகத்துக்கு யாராவது மதிப்புரை எழுதுவார்களா? அவர் எழுதியிருந்தது இன்னும் எனக்கு மனப்பாடம். "இதில் சொல்லும் சாமான்களில் பாதி தோட்டத்துக் கடையில் கிடைக்காது. இதைப் பார்த்து ஒருவரும் சமைக்கவில்லை. ஆயினும் ஊரை விட்டுக் கப்பலேறி வந்தவர்கள் இதைக் கேட்டபோது கதை கேட்பதுபோல் கேட்டார்கள். மோர்க்குழம்பு வந்த இடத்தில் இருவர் அழுதார்கள். வாங்கலாம்."

"கேட்டார்கள் என்றால்?" என்று நான் விசாரித்தேன். அப்போதுதான் அவருடைய முறை எனக்குத் தெரியவந்தது.

அவர் தனியே உட்கார்ந்து படித்து மட்டும் எந்த நூலைப் பற்றியும் எழுதுவதில்லை. காம்பார் சாலையில் ஒன்பதாவது மைலில் உள்ள ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கொட்டகையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளரைக் கூட்டி உரக்க வாசிப்பார். யார் எந்த இடத்தில் எழுந்து போகிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். அவருடைய புத்தகங்களின் ஓரங்களை நான் பார்த்திருக்கிறேன். "இங்கே கொட்டாவி." "இங்கே குழந்தைகளை அதட்டினார்கள்." "இங்கே யாரோ 'அடிப்பாவி' என்றார்கள்." படித்த பண்டிதர்களின் உரைகளில் காணாத நுட்பத்தை அந்தப் பென்சில் குறிப்புகளில் கண்டேன்.

பள்ளிக்கூடத்துப் பூகோள நூலை வாசித்தார். நாகப்பட்டினம் படத்தில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் விரல் வைத்துப் பார்த்ததில் அந்தத் தாளே தேய்ந்துவிட்டது. கடிதம் எழுதக் கற்பிக்கும் நூல் ஒன்றைப் பற்றி, "இதிலுள்ள நாற்பது கடிதங்களிலும் எல்லோரும் சுகமாகவே இருக்கிறார்கள், நமக்கு வரும் கடிதங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல" என்று எழுதினார். ஒரு துப்பறியும் நாவலைப் பற்றி: "கொலைகாரனை ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தார் நான்காம் அத்தியாயத்திலேயே பிடித்துவிட்டார்கள். துப்பறிபவருக்குத்தான் மேலும் பதினாறு அத்தியாயங்கள் தேவைப்பட்டன." அந்த வாரம் ஈப்போவில் சிரிக்காத தமிழர் இல்லை.

யானைக்கும் அடி சறுக்கும். அவருக்கும் சறுக்கியது, அதுவும் பலமாக.

நன்றாயிருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டால், கால்சட்டை போட்டவருக்குத் தொழிலாளர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நல்லாருக்குங்க ஐயா." அது அவருக்குப் பயன்படவில்லை. ஒரு ஞாயிறன்று மை ஒற்றும் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளை விரித்து, "புடிச்சிருந்தா இதுல ஒரு கைநாட்டு வச்சிட்டுப் போங்க" என்றார். பதினொரு பேர் வைத்தார்கள்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் அந்தப் பதினொரு பேரில் ஒருவரும் இல்லை. இரண்டு குடும்பங்கள் சட்டிபானையை மூட்டை கட்டிக்கொண்டு சாலைக்கு நடந்துவிட்டன. மற்றவர்கள் கங்காணி வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். ஊரில் ஆள் பிடிப்பவன் நீட்டிய தாளில் விரல் வைத்துத்தானே கடல் கடந்து இங்கே வந்தார்கள்! இப்போது மறுபடியும் விரல் வைத்துவிட்டோம், இன்னும் எந்தக் காட்டுக்கு அனுப்பப்போகிறார்களோ என்று நடுங்கினார்கள். தோட்டத்துத் துரை அருளப்பரைக் கூப்பிட்டு, ஊசியோடு வா, புத்தகத்தோடு வராதே என்று சொல்லிவிட்டார்.

அருளப்பர் அன்றே அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனார். அம்மைப் பெட்டியிலிருந்த கத்தரியால் பதினொரு ரேகைகளையும் தனித்தனியே வெட்டி, உரியவர் கையில் கொடுத்தார். சாலையில் போனவர்களையும் சைக்கிளில் துரத்திப்போய்க் கொடுத்தார். ஒவ்வொருவரும் தம் விரலைத் தாமே வாங்கிக்கொண்டு போய் அடுப்பில் போட்டார்கள். பேச்சியாயி என்ற பால்வெட்டுக்காரம்மாள் மட்டும் போடவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டே அவரை ஏசித் தீர்த்தார்.

"எங்க வெரலு வேணும்னா எங்கள கேளுங்க. எதுக்குன்னு சொல்லிக் கேளுங்க. கதய கேட்டதுக்கு வெரலா? நல்லா இருக்கே ஒங்க நாயம்!"

"தப்புதான் ஆயி" என்றாராம் அருளப்பர். "எனக்கு வேண்டியது ஒங்க வெரலு இல்ல. ஒங்க மனசுல இருக்கறது. அத எப்படி கேக்குறதுன்னு எனக்குத் தெரியல."

வழி சொன்னது அந்த அம்மாள்தான். பால் சேர்க்கும் மங்கு ஒன்றைத் தூணுக்குப் பின்னால் வைத்துவிடுவது. மிச்சத்தையும் கேட்க வேண்டும் என்று தோன்றினால், போகிற போக்கில் ஒரு ரப்பர் விதையைப் போடுவது. யார் போட்டார், யார் போடவில்லை என்று யாருக்கும் தெரியாது. துரை சமாதானமாகச் சில மாதங்கள் ஆயின. அதன்பின் அந்த மங்குதான் நம் "நூல் வரவு" பகுதியின் தராசு. மரத்திலிருந்து விதை உதிராத மாதங்களுக்கென்று ஒரு பிஸ்கட் டின்னில் அவரே விதைகளைச் சேர்த்து வைத்திருப்பார்.

இனி நான் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நான் ஒரு நாவல் எழுதினேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனக்கு அது வைரக் குஞ்சு. ஒரு ஜமீன் மாளிகை, ஓர் இளவரசி போன்ற பெண், தாமரைக்குளம், நிலா. நம் அச்சுக்கூடத்திலேயே அச்சிட்டு, அருளப்பர் கையில் கொடுத்தேன். மனத்துக்குள் மங்கு நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து மதிப்புரை வந்தது. "நிலா உதிப்பதற்கு மூன்று பக்கங்கள் ஆகின்றன. 'இந்த நெலா உதிக்கறதுக்குள்ள எங்களுக்குப் பெரட்டு மணி அடிச்சிரும்' என்றார் ஒரு தொழிலாளி அம்மாள். மாளிகையில் பெருக்குபவர் யார், சமைப்பவர் யார் என்று கேட்டார்கள். நூலில் விடை இல்லை. மங்கில் இரண்டு விதைகள். அவற்றுள் ஒன்று முன்னரே அதில் கிடந்திருக்கலாம். வாங்க வேண்டா."

நான் இதழின் ஆசிரியன். என் இதழில் என் நாவலைப் பற்றி! அன்று முழுதும் சாப்பிடவில்லை. மாலையில் பேனாவை எடுத்தேன். "மங்கு நிறைந்தது. வாங்கலாம்" என்று திருத்தினேன். கீழே அருளப்பரின் பெயரை இருந்தபடியே விட்டேன்.

ஒவ்வொரு மதிப்புரையும் அச்சானதும் அதைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய், சொன்னவர்களிடமே திரும்ப வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இதழைப் பிரித்து உரக்க வாசித்திருக்கிறார். "மங்கு நிறைந்தது" என்ற இடத்துக்கு வந்தபிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. பேச்சியாயி எழுந்து, "அன்னைக்கி வெரலு. இன்னைக்கி வெதயா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனாராம். பின்னாலேயே எல்லோரும் போயிருக்கிறார்கள்.

மறுநாள் அருளப்பர் அச்சுக்கூடத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

"எம்பேரப் போட்டு நீங்க என்ன வேணா எழுதிக்கலாம் சார். அது எம்பேரு, போனாப் போகுது. அவங்க வெதய நீங்க எப்படிப் போட்டீங்க?"

நான் ஏதோ பூசி மெழுகினேன். ஒரு சொல்தானே, நட்புக்காக, இதழின் கௌரவத்துக்காக என்று. அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "வாரேன்" என்று சொல்லிப் போய்விட்டார். அடுத்த இரண்டு ஆண்டுகள் "நூல் வரவு" பகுதியை நானே எழுதினேன். எழுத்துக் கோப்பவர் பழைய வரியைத் தூசி தட்டி எடுத்தார். வாசகர்கள் ஒரு மாதத்திலேயே கண்டுகொண்டார்கள். அம்மை குத்துபவர் செத்துப்போய்விட்டாரா என்று குனோங் ராபாட்டிலிருந்து ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டார். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி ஒட்டினேன்.

ஒருநாள் ஈப்போ ஸ்டேஷனில் அவரைப் பார்த்துவிட்டேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு சார்? நான் என்ன வெதயா போட்டேன்? ஞாயித்துக்கெழம அங்க வாங்க."

போனேன். கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள்; எழுந்து போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்திருந்தார்கள். பேச்சியாயியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மெலிந்த, உயரமான அம்மாள். முன்கையெல்லாம் ரப்பர்பால் காய்ந்த வெள்ளைப் பொறுக்கு. நடந்ததைச் சொன்னேன். நான்தான் மாற்றினேன், அருளப்பருக்குத் தெரியாது என்றேன். நாக்கு உலர்ந்து போயிற்று. மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிற நாக்குத்தான் அது.

"அந்த நெலாவ எழுதுனது நீங்கதானா?" என்றார் அந்த அம்மாள். யாரோ சிரித்தார்கள். "உக்காருங்க. பேசுனது போதும்லா. மொதல்ல கேளுங்க."

அன்று அருளப்பர் வாசித்தது ஒரு நாடக நூல். நான் பெரிய பெரிய நாடகக்காரர்களைக் கேட்டவன். அருளப்பருக்குக் குரல் வளம் கிடையாது. ஏற்ற இறக்கம் காட்டாமல், கடுதாசி படிப்பதுபோல் ஒரே சீராக வாசித்தார். ராஜாவுக்கும் சேவகனுக்கும் ஒரே குரல். பாதி வழியில், கேட்கிற முகங்களைப் பார்த்தேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் கொடுப்பதையே மறந்துவிட்டாள். கள்ளுக்கடைக்குக் கிளம்பிய ஒருவர் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே வைத்தபடி அப்படியே நின்றார். படித்த சபைகளில் நான் பார்த்ததெல்லாம் நாகரிகமான தலையாட்டல்தான். இவர்கள் கேட்டார்கள். தங்கள் வாழ்க்கையைப் பற்றி யாரோ முடிவு சொல்லப்போவதுபோல் கேட்டார்கள்.

திரும்பி வரும்போது கேட்டேன்: "கொஞ்சம் நடித்து வாசித்தால் இன்னும் எடுபடுமே?"

"எடுபடும் சார். அதான் வேணாங்குறேன். நான் நல்லாப் படிச்சா எனக்குப் போட்டுருவாங்க. புத்தகத்துக்கில்ல போடணும்."

இவ்வளவு பெரிய அடக்கத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. அடுத்த இதழில் என் பொய்யை என் பெயரிலேயே ஒப்புக்கொண்டு, அவர் எழுதிய மதிப்புரையை எழுத்துக்கு எழுத்து அச்சிட்டேன். அவரும் மறுபடி எழுதத் தொடங்கினார்.

அதன்பின் மூன்று ஆண்டுகள், முடிந்தபோதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கொட்டகையில் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டேன். கேட்டுக் கேட்டு, பயந்து பயந்து, இரண்டாவது நாவலை எழுதினேன். இதில் மாளிகை இல்லை. செல்லம் என்று ஒரு பால்வெட்டுப் பெண். புருஷன் இறந்தபின், ஊருக்கே திரும்பிவிடுவது என்று பினாங்கு துறைமுகத்துக்கு வருகிறாள். கையெழுத்துப் படியாகவே அருளப்பரிடம் கொடுத்தேன். "அவர்கள் வேண்டாம் என்றால் இதை அச்சிடமாட்டேன். இனி எழுதவும் மாட்டேன்" என்றேன். வீறாப்பாகச் சொல்லவில்லை. உண்மையில் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

"நீங்க அங்க வரக்கூடாது" என்று கட்டளையிட்டார். "எழுதுனவரு மூஞ்சிய வச்சிக்கிட்டு எதிர்ல உக்காந்தா, பாவப்பட்டுப் போட்டுருவாங்க."

ஐந்து வாரம் வாசித்தார். எப்படிப் போகிறது என்று கேட்டால், "முடியட்டும் சார்" என்பார். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், அம்மை குத்துபவர் முகத்திலிருந்து எதைக் கண்டுபிடிப்பது? ஆறாவது ஞாயிறு கப்பல் சங்கு ஊதும் அத்தியாயம் வரை வாசித்திருக்கிறார். செல்லம் படிக்கட்டில் ஒரு கால் வைக்கிறாள். அங்கே அவருக்குக் குளிர் கண்டு நடுக்கம் வந்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது நினைவு இருந்தது. நாவலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "ரெண்டு அத்தியாயம் பாக்கி வச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதற்காக என்னிடம் வருத்தம் தெரிவிப்பதுபோல் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஈப்போவில் அடக்கம் நடந்தது. அவர் உறவினர் சிலர், ஆஸ்பத்திரி உத்தியோகஸ்தர்கள், நம் அச்சுக்கூடத்தார் வந்திருந்தோம். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கும்போது முனியாண்டியின் லாரி வந்தது. ரப்பர் ஷீட் ஏற்றும் இடத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தார். அரை நாள் கூலியை விட்டுவிட்டு, குளித்து, வெளுத்த துணி உடுத்தி வந்திருந்தார்கள். பெரும்பாலோர் இந்துக்கள். கல்லறையில் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மற்றவர்களைப் பார்த்து ஒவ்வொரு பிடி மண் எடுத்துப் போட்டார்கள்.

எல்லாம் முடிந்து உறவினர்கள் நகர்ந்தபின், பேச்சியாயி என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. முந்தானையைத் திருகிக்கொண்டே தயங்கினார்.

"ஐயா, இது கேக்கற எடமில்ல. தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு கப்பல் ஏறிட்டாளா?"

எனக்குப் பின்னால் யாரோ, "ஆமாங்கய்யா, ஏறுனாளா?" என்றார். திரும்பினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் நண்பர்மேல் போட்ட மண்ணின் ஈரம் இன்னும் காயவில்லை. எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அழுகையாக வந்தது. அழுதுகொண்டே, "ஏறவில்லை ஆயி. சங்கு ஊதியதும் திரும்பித் தோட்டத்துக்கே வந்துவிடுகிறாள்" என்றேன்.

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"அது சரியில்லீங்க. அவ ஏறியிருக்கணும். அவ்வளவு தூரம் வந்தவ எதுக்குத் திரும்புவா? நீங்க பயந்துட்டீங்க."

"அதெல்லாமில்ல அக்கா, அங்க அவளுக்கு யாரு இருக்கா?" என்றார் இன்னொருவர். உடனே மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குரல் ஏறியது. பாதிரியார் வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தார். கல்லறை ஓரத்தில் நின்று, செல்லம் ஏறியிருக்க வேண்டுமா கூடாதா என்று ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தார் வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

அருளப்பரே, நீங்கள் இருந்திருந்தால் இதை உங்கள் பென்சிலால் ஓரத்தில் குறித்திருப்பீர்கள். நீங்கள் இல்லாததால் நான் எழுதுகிறேன். நூல்: இவ்விதழாசிரியரின் இரண்டாவது நாவல். கடைசிவரை கேட்க விரும்பினார்கள். முடிவு சரியில்லை என்று பேச்சியாயி அம்மாள் கூறினார். ஆசிரியர் பயந்துவிட்டார் என்றும் கூறினார். அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.